35 பாஸ் மார்க்கா?

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் 35 என்ற எண் ரத்தத்தில் ஊறியது. கணக்கில் சரியாக 35 எடுத்துவிட்டு, தெரு முழுக்க மிட்டாய் கொடுத்த ஒருத்தனை எனக்குத் தெரியும். (நான் இல்லீங்க, நம்புங்க!) அதனால்தான் 2023 செப்டம்பரில் அப்பாவின் எக்கோ ரிப்போர்ட்டில் "ஈ.எஃப். 35%" என்று இருந்ததைப் பார்த்ததும், ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு அந்த ஜோக்கை அடித்தேன்.

"35 தானப்பா... பாஸ் மார்க் வாங்கிட்டீங்க."

அப்பா சிரித்தார். பக்கத்தில் இருந்த அம்மாவும் சிரித்தார். நானும் பெரிய தைரியசாலி மாதிரி ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்தேன். அப்புறம் ஹாஸ்டலுக்குத் திரும்பிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அம்மா போன் செய்தார். "டேய், உங்கப்பா கடையைக் கைமாத்தி விடப் போறாராம். பக்கத்துக் கடைக்காரர்கிட்ட பேசியே முடிச்சிட்டார். சரக்கோட சேர்த்துச் சும்மா கிடைச்ச விலைக்குக் கொடுக்கறாரு. கேட்டா, நூறுல அறுபத்தஞ்சு போயிருச்சு, மிச்சம் இருக்கறது முப்பத்தஞ்சுதான், இதை வச்சுக்கிட்டு எத்தன நாள் ஓட்டறதுங்கறாரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஜோக்காகச் சொன்ன கணக்கை அவர் சீரியஸாகப் போட்டிருக்கிறார். 100-க்கு 35 என்றால் இதயத்தில் 65 பங்கு செத்துப்போச்சு. இருபத்தாறு வருஷமாக நடத்திய மளிகைக் கடையை அந்த ஒரு கழித்தல் கணக்கை வைத்து விற்கப் பார்க்கிறார். கணக்கைத் தப்பாகச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

(முதல்லயே ஒரு டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பி.காம். மாணவன். இங்கே இருப்பது எங்கள் வீட்டுக் கதையும், அதற்காக நான் தேடிப் படித்ததும்தான். உங்கள் ரிப்போர்ட்டுக்கு உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.)

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். முதல் அரை மணி நேரம் பயந்ததுதான் மிச்சம். அப்புறம் அந்த சதவீதம் எப்படி வருகிறது என்ற இடத்துக்கு வந்ததும், அட, இது நம்ம பாடமாச்சே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். இதயத்தின் இடது கீழறைதான் உடம்பு முழுக்க ரத்தத்தைத் தள்ளும் அறை. அது முழுக்க நிரம்பி நிற்கும்போது உள்ளே இருக்கும் ரத்தத்தின் அளவு ஒன்று. சுருங்கித் தள்ளி முடித்த பிறகு உள்ளே மிச்சம் இருக்கும் அளவு இன்னொன்று. முதலாவது ஆரம்ப இருப்பு. இரண்டாவது இறுதி இருப்பு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்தத் துடிப்பில் வெளியே போன சரக்கு. வெளியே போனதை ஆரம்ப இருப்பால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவதுதான் எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன், சுருக்கமாக ஈ.எஃப்.

நல்ல ஆரோக்கியமான ஓர் ஆளுக்கு ஆரம்ப இருப்பு 120 மில்லி, இறுதி இருப்பு 50 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே போனது 70 மில்லி. ஈ.எஃப். 58%. அவ்வளவுதான்!

யாருக்குமே அது 100 வராது, வரவும் கூடாது. எந்த இதயமும் ஒரு துடிப்பில் மொத்த ரத்தத்தையும் துடைத்து வெளியே தள்ளுவதில்லை. எந்த மளிகைக் கடையும் சாயந்திரத்துக்குள் கடைசி பருப்பு வரை விற்றுவிட்டு வெறும் அலமாரியோடு பூட்டுவதில்லை, அந்த மாதிரி. 2015-ல் அமெரிக்க, ஐரோப்பிய எக்கோ சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியில் ஆண்களுக்கு 52 முதல் 72 வரையும், பெண்களுக்கு 54 முதல் 74 வரையும் இயல்பான அளவு என்று போட்டிருக்கிறார்கள். அப்பாவின் 35-ஐ நூறோடு ஒப்பிடுவதே தப்பு. அறுபதுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது 35-க்கு இறங்கியிருக்கிறது. குறைவுதான், நோய்தான், சந்தேகமே இல்லை. ஆனால் "65 பங்கு போச்சு" என்பது அந்தக் காகிதத்தில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

அந்த வார சனிக்கிழமை ஊருக்குப் போனேன். நேராகக் கடைக்குத்தான். அப்பா கல்லாவில் உட்கார்ந்திருந்தார். ரிப்போர்ட்டை எடுத்து விரித்தேன். அதில் ஈ.எஃப்.-க்கு மேலேயே இரண்டு எண்கள் இருந்தன. வராந்தாவில் நின்றபோது நாங்கள் யாருமே அவற்றைப் பார்க்கவில்லை. நிரம்பி நிற்கும்போது 200 மில்லி. சுருங்கின பிறகு 130 மில்லி.

பழைய சிட்டை ஒன்றின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன்.

"அப்பா, இது நல்லா இருக்கற ஒருத்தர் கணக்கு. ஆரம்ப இருப்பு 120, இறுதி இருப்பு 50. எவ்வளவு வித்தது?"

"எழுபது."

"இது உங்களது. ஆரம்ப இருப்பு 200, இறுதி 130."

அப்பா கொஞ்ச நேரம் அந்தக் காகிதத்தையே பார்த்தார். "இதுவும் எழுபதுதான்டா."

"ஆமாப்பா. 200-க்கு 70, அதான் 35 சதவீதம்."

அவர் முகத்தில் ஒரு மாற்றம் வந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. ஆனால் அவர் வியாபாரி, என்னை மாதிரி பாஸ் மார்க் ஆசாமி இல்லை. உடனே அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"அப்போ வியாபாரம் அதேதான். ஆனா அதே வியாபாரத்துக்கு எதுக்கு இவ்வளவு பெரிய குடோன்?"

எந்த புரொபசரும் கேட்டிராத கேள்வி! அவருடைய நோயே அதுதான். ஆஞ்சியோவில் அடைப்பு எதுவும் இல்லை. இதயத் தசை பலவீனமாகி, அறை பெருத்துவிட்டது. டைலேட்டட் கார்டியோமயோபதி என்று டாக்டர் சொன்னார். முன்னே மாதிரி இறுக்கிப் பிழிய முடியாத இதயம், இடத்தைப் பெருசாக்கி, உள்ளே அதிகம் தேக்கிவைத்து, அதே 70 மில்லியை எப்படியோ வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறது. குடோன் பெருசாகப் பெருசாக வாடகையும் ஏறும் இல்லையா? பெருத்த அறையின் சுவர் ஒவ்வொரு துடிப்புக்கும் அதிக இழுவையைத் தாங்க வேண்டும். அது தசையை இன்னும் களைப்பாக்கும். இதை மருந்து கொடுத்து நிறுத்தாவிட்டால் குடோன் பெருத்துக்கொண்டே போகும்.

"சாதாரண நாள் சமாளிச்சிரும்பா. தீபாவளிக் கூட்டம் வந்தாத்தான் தாங்காது" என்றேன். சும்மா உவமைக்காகச் சொல்லவில்லை. உட்கார்ந்திருக்கும்போது நிமிஷத்துக்கு 5 லிட்டர் தள்ளும் நல்ல இதயம், ஓடும்போதோ பாரம் தூக்கும்போதோ 15, 20 லிட்டர் வரை ஏற்றிக்கொடுக்கும். பலவீனமான இதயத்தால் அந்த மாதிரி ஏற்ற முடியாது. அப்பாவுக்கு கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாமல், அரிசி மூட்டையை நகர்த்தும்போது மட்டும் மூச்சு வாங்கியதற்குக் காரணம் அதுதான்.

கடை கைமாறவில்லை. மூட்டை தூக்க ஒரு பையனை வேலைக்கு வைத்தோம். அப்பா கல்லாவோடு நிறுத்திக்கொண்டார். காலையில் நடக்கப் போனார், டாக்டர் அதைச் செய்யச் சொல்லியிருந்தார். ஊறுகாயும் அப்பளமும்தான் வீட்டை விட்டுப் போயின. அதற்குத்தான் அப்பா ரொம்ப வருத்தப்பட்டார்.

அதற்குப் பிறகு எனக்கு இந்த மேட்டரில் பைத்தியம் பிடித்துவிட்டது. நெஞ்சைத் திறக்காமல் உள்ளே எத்தனை மில்லி என்று எப்படி எண்ணினார்கள்? தேடிப் போனால், ஆரம்பத்திலிருந்தே இது கணக்குப்பிள்ளைகளின் கதையாகத்தான் இருக்கிறது.

1628-ல் வில்லியம் ஹார்வி என்ற ஆங்கிலேய டாக்டர் ஒரு புத்தகம் போட்டார. அதுவரை ஐரோப்பாவில் கேலன் என்ற பழைய கிரேக்க மருத்துவர் சொன்னதுதான் வேதவாக்கு. சாப்பாடு கல்லீரலில் ரத்தமாகிறது, அது உடம்பெல்லாம் போய் அங்கங்கே செலவாகிவிடுகிறது என்பது அந்தக் கணக்கு. ஹார்வி பெருக்கிப் பார்த்தார். ஒரு துடிப்புக்கு வெளியேறும் ரத்தத்தை எவ்வளவு குறைத்துப் பிடித்தாலும், அரை மணி நேரத்தில் வரும் ஆயிரத்துச் சொச்சம் துடிப்புக்கு மொத்தம் போட்டால் உடம்பில் இருக்கும் ரத்தத்தைவிட அதிகம் வருகிறது. அவ்வளவு சாப்பாட்டை யார் சாப்பிட முடியும்? அப்படியானால் போன ரத்தமேதான் சுற்றித் திரும்பி வர வேண்டும். ரத்த ஓட்டம் என்ற முடிவுக்கு அவர் வந்ததில் இந்தப் பெருக்கலுக்குப் பெரிய பங்கு உண்டு.

நம்ம கணக்கில் போட்டுப் பாருங்கள். துடிப்புக்கு 70 மில்லி, நிமிஷத்துக்கு 72 துடிப்பு என்றால் 5,040 மில்லி. பெரிய ஆளின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே ஏறக்குறைய 5 லிட்டர்தான். முதல் முழுவதும் நிமிஷத்துக்கு ஒரு தடவை சுற்றி வருகிறது. ஒரு நாளைக்கு 7,200 லிட்டருக்கு மேல்! உள்ளங்கையை மூடினால் வரும் அளவுள்ள ஒரு தசை, ஒரு தண்ணி லாரி அளவுக்குத் தினமும் இறைத்துக்கொண்டிருக்கிறது.

ஹார்வி கணக்கு உத்தேசம். சரியான அளவுக்கு வழி சொன்னவர் ஜெர்மனியில் இருந்த அடால்ஃப் ஃபிக், 1870-ல். அவர் யோசனையைப் படித்தபோது அசந்துவிட்டேன், அவ்வளவு சுலபம். நுரையீரல் நிமிஷத்துக்கு 250 மில்லி ஆக்சிஜனை ரத்தத்தில் ஏற்றுகிறது என்று வையுங்கள். நுரையீரலை விட்டு வெளியே போகும் ஒரு லிட்டர் ரத்தத்தில் 200 மில்லி ஆக்சிஜன். உடம்பைச் சுற்றித் திரும்பி வரும் ஒரு லிட்டரில் 150 மில்லி. அதாவது ஒவ்வொரு லிட்டரும் 50 மில்லி ஏற்றிக்கொண்டு போகிறது. மொத்தம் 250 ஏறியிருக்கிறது என்றால் எத்தனை லிட்டர் போயிருக்க வேண்டும்? ஐந்து. லாரிக்கு 50 மூட்டை, மொத்தம் 250 மூட்டை போயிருக்கிறது, எத்தனை நடை என்பது மாதிரிதான்.

சிக்கல் என்னவென்றால், திரும்பி வரும் ரத்தத்தின் கலவையை இதயத்துக்குள்ளேயே போய் எடுத்தால்தான் கணக்கு சரியாக வரும். உயிரோடு இருக்கிற மனுஷனின் இதயத்துக்குள் யார் போவது? 1929-ல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே என்ற ஊரில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் டாக்டர், தன் கை நரம்பு வழியாகத் தானே ஒரு மெல்லிய குழாயை இதயம் வரை செருகிக்கொண்டு, அப்படியே நடந்துபோய் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார். பாராட்டுவதற்குப் பதில் திட்டுதான் கிடைத்தது. பின்னாளில் நியூயார்க்கில் கூர்னாண்ட், ரிச்சர்ட்ஸ் என்ற இருவர் அந்த வழியை வளர்த்து, ஃபிக் சொன்ன அளவை நோயாளிகளிடம் ஒழுங்காக எடுத்துக் காட்டினார்கள். 1956-ல் மூன்று பேருக்கும் சேர்த்து நோபல் பரிசு.

குழாயே இல்லாமல் பார்க்கும் வழி கப்பல் பட்டறைப் பக்கமிருந்து வந்தது. ஸ்வீடனின் லுண்ட் நகரில் இங்கே எட்லர் என்ற டாக்டரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியல்காரரும், இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று ஒலி அலையை அனுப்பிச் சோதிக்கும் கருவியை எடுத்து, அதை நெஞ்சின் மேல் வைத்துப் பார்த்தார்கள். அது 1953. எதிரொலியில் இதயத்தின் சுவர் அசைவது தெரிந்தது. இன்றைக்கு அப்பாவின் நெஞ்சில் குளிர்ந்த ஜெல் தடவி வைத்த கருவி அதன் பேரப்பிள்ளை.

ஆனால் எக்கோ மில்லி கணக்கை நேராகக் காட்டாது. அது காட்டுவது படம். நிரம்பியபோதும் சுருங்கியபோதும் அறையின் ஓரத்தைக் கோடு போட்டு வரைவார்கள். கம்ப்யூட்டர் அந்த அறையை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய 20 தட்டுகளாக வெட்டி, ஒவ்வொரு தட்டின் கொள்ளளவையும் கூட்டும். சிம்ப்சன் முறை என்று பெயர். தட்டையான படத்திலிருந்து கனத்தைக் கணக்குப் பண்ணுகிறார்கள். கோடு கொஞ்சம் உள்ளே போனால் ஓர் அளவு, வெளியே போனால் வேறு அளவு. அனுபவசாலிகள் பல பேர் படம் ஓடுவதைக் கண்ணால் பார்த்தே ஏறக்குறைய இவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. இதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகும் வாசலின் விட்டத்தை அளப்பார்கள். டாப்ளர் முறையில் ஒரு துடிப்பில் ரத்தம் அந்த வழியே எவ்வளவு தூரம் போகிறது என்று பார்ப்பார்கள். வாசல் 2 செ.மீ. என்றால் அதன் பரப்பு 3.14 சதுர செ.மீ. தூரம் 22 செ.மீ. என்றால் துடிப்புக்கு 69 மில்லி. இதில் வாசலை 2-க்குப் பதில் 1.8 என்று அளந்துவிட்டால்? 56 மில்லிதான் வரும். 2 மில்லிமீட்டர் தப்பு, 13 மில்லி காணோம். விட்டம் இரண்டு தடவை பெருக்கப்படுகிறது, தப்பும் சேர்ந்து பெருகுகிறது.

இது ஏன் முக்கியம் என்று 2024 மார்ச்சில் எங்கள் வீட்டில் தெரிந்தது. இரண்டாவது எக்கோ. இந்தத் தடவை வேறு ஸ்கேன் சென்டர். ஈ.எஃப். 41 என்று வந்தது. அம்மா கேசரி கிண்டிவிட்டார். அப்பா வருகிற வாடிக்கையாளரிடம் எல்லாம் ஆறு பாயிண்ட் ஏறியிருக்கு என்று பங்குச்சந்தை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "நல்லதுதான். ஆனா வேற மிஷின், வேற ஆள். அஞ்சு பாயிண்ட் முன்னப் பின்ன இருக்கறது சகஜம். அடுத்த தடவை முதல்ல எடுத்த இடத்துலயே எடுங்க, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கலாம்" என்றார். ஒரே ஆளை இரண்டு பேர் அளந்தாலே 5 முதல் 10 பாயிண்ட் வரை வித்தியாசம் வரலாம் என்பதை அப்புறம் படித்தேன். ஒரு வருஷம் ஒரு முறையில் இருப்பை மதிப்பிட்டுவிட்டு, அடுத்த வருஷம் வேறு முறையில் மதிப்பிட்டு, லாபம் ஏறிவிட்டது என்று காட்டினால் ஆடிட்டர் ஒப்புக்கொள்வாரா? எங்களுக்கு முதல் வருஷமே சொல்லிக்கொடுத்த பாடம். கேசரி முன்னால் மறந்துபோச்சு.

அப்பா விஷயத்தில் மூழ்கியிருந்த எங்களுக்கு வீட்டிலேயே இன்னொரு இதயம் இருந்தது மறந்துவிட்டது. அப்பத்தா. எழுபத்தெட்டு வயது. வருஷக்கணக்காக பி.பி., சர்க்கரை. கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும், தலையணை மேல் தலையணை வைத்து உட்கார்ந்தே தூங்கும். போன தடவை எக்கோ எடுத்தபோது ஈ.எஃப். 62. "மகன் முப்பத்தஞ்சு, ஆத்தா அறுபத்திரண்டு, ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்று நாங்களே கேலி பண்ணி, மூச்சு முட்டுவதை வயசுக் கோளாறு என்று விட்டுவிட்டோம்.

ஆரம்ப இருப்பு பார்க்கக் கற்றுக்கொண்ட பிறகு அந்தப் பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தேன். நிரம்பும்போது 80 மில்லி. சுருங்கின பிறகு 30. வெளியே போனது 50 மில்லிதான்! அப்பாவின் 35 சதவீதத்தைவிடக் குறைவு.

சின்னப் பெட்டிக்கடை, வந்த சரக்கில் பெரும்பங்கு விற்றுவிடுகிறது, சதவீதம் பிரமாதம். ஆனால் கடைக்குள் சரக்கே நுழைய மாட்டேன் என்கிறது. அப்பத்தாவின் இதயம் சுருங்குவது நன்றாகத்தான் சுருங்குகிறது, விரிவதற்குத்தான் சிரமப்படுகிறது. சுவர் விறைத்துவிட்டது. உள்ளே போக முடியாத ரத்தம் பின்னால் நுரையீரலில் தேங்கி மூச்சு முட்டுகிறது. இதய செயலிழப்பு என்று சொல்லப்படுகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஈ.எஃப். இந்த மாதிரி இயல்பாகவே இருக்கும் என்று படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அப்பத்தா ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை நாங்கள் ஒரு சதவீதத்தைக் காட்டி வாயடைத்திருக்கிறோம்.

அந்த சதவீதம் இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். வால்வு சரியாக மூடாமல், தள்ளும் ரத்தத்தில் ஒரு பகுதி பின்பக்கமாக மேலறைக்கே திரும்பிப் போகிறவர்கள் உண்டு. ஈ.எஃப். கணக்கு அதையும் வெளியே போனதாகத்தான் சேர்க்கும். விற்பனைத் திருப்பத்தைக் கழிக்காமல் விற்பனை எண்ணைக் காட்டுகிற மாதிரி. எண் அழகாக இருக்கும், கல்லாவில் பணம் இருக்காது.

அப்பத்தாவையும் அப்பாவின் டாக்டரிடமே கூட்டிப்போனோம். நீர் பிரிய ஒரு மாத்திரை. அதோடு அப்பாவுக்குக் கொடுத்த மாத்திரைகளில் ஒன்றையும் எழுதிக்கொடுத்தார். சர்க்கரைக்காக வந்த மாத்திரை அது. அப்பாவுக்குச் சர்க்கரையே இல்லை, ஆரம்பத்தில் கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று சண்டைக்கே போய்விட்டார். அந்த வகை மாத்திரைகள் பலவீனமான இதயத்துக்கு, சர்க்கரை இல்லாதவர்களுக்கும்கூட, உதவுகின்றன என்று 2019-லும், அப்பத்தா மாதிரி ஈ.எஃப். குறையாதவர்களுக்கும் உதவுகின்றன என்று 2021-லும் பெரிய ஆய்வுகள் காட்டின. இப்போது அப்பத்தா ஒரு தலையணையோடு படுக்கிறது. "முன்னயே சொன்னேன்ல ராசா" என்று மட்டும் ஒரு தடவை சொன்னது.

கடைசி எக்கோ 2025 ஜனவரியில். முதலில் எடுத்த அதே இடம். ஆரம்ப இருப்பு 150, இறுதி இருப்பு 72, வெளியே போனது 78. ஈ.எஃப். 52. டாக்டரே இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். குடோன் சுருங்கியிருந்தது கண்ணுக்கே தெரிந்தது. இந்தத் தடவை நான் ஜோக் எதுவும் அடிக்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது அப்பா மெதுவாகக் கேட்டார். "தம்பி, 52-ல இருந்து நார்மல்னு நீதான சொன்ன?"

"ஆமாப்பா."

"அப்போ பாஸாயிட்டேன். மாத்திரையை நிறுத்திரலாம்ல? மாசம் எவ்வளவு செலவு பாரு."

மறுபடியும் அதே பாஸ் மார்க்! நான் விதைத்தது. 2018-ல் இங்கிலாந்தில் வெளியான ஒரு சின்ன ஆய்வைப் பற்றி அவரிடம் சொன்னேன். அப்பா மாதிரியே இதயம் பெருத்து, மருந்தால் ஈ.எஃப். 50-க்கு மேல் ஏறி, எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருந்தவர்கள். அவர்களில் 25 பேருக்கு டாக்டர்களின் கண்காணிப்பில் மாத்திரையைப் படிப்படியாக நிறுத்தினார்கள். ஆறு மாதத்துக்குள் 11 பேருக்கு நோய் திரும்பி வந்தது. மாத்திரையைத் தொடர்ந்த 26 பேரில் அந்த ஆறு மாதத்தில் ஒருத்தருக்கும் வரவில்லை.

"அப்போ நோய் போகலையா?"

"அடங்கியிருக்குப்பா. மாத்திரை சாப்பிடறதாலதான் 52."

அப்பா கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் சொன்னார்: "அதாவது கடைப் பையனுக்குச் சம்பளம் கொடுக்கறதாலதான் மூட்டை நகருது. நல்லா நகருதேன்னு பையனை நிறுத்த முடியாது."

இதைவிட நன்றாக என்னால் சொல்லியிருக்க முடியாது. மாத்திரை தொடர்கிறது. முணுமுணுப்பும் தொடர்கிறது.

மூன்று எக்கோ ரிப்போர்ட்டும் இப்போது கடையில் பேரேட்டுக்குள் இருக்கின்றன. சென்ற மாதம் அப்பாவின் நண்பர் ஒருவர் தன் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு, முகமெல்லாம் வெளிறிப்போய்க் கடைக்கு வந்தார். 40 என்று போட்டிருக்கு, அவ்வளவுதானா என் கதை என்று கேட்டார். அப்பா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, காகிதத்தை வாங்கி, சதவீதத்தைத் தாண்டி மேலே விரலை ஓட்டினார்.

"இருங்க, இருங்க. மொதல்ல ஆரம்ப இருப்பு எவ்வளவுன்னு பாப்போம். டாக்டர்கிட்ட என்னென்ன கேக்கணும்னு அப்புறம் எழுதிக்கலாம்."